கார்ப்பெட்டைக் கொஞ்சம் சுருட்டி வையுங்கள்

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செயலாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலரை எனக்கு நேரில் தெரியும். 'மாமா' என்று கூப்பிட்டுப் பழக்கம். வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டில் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பத்து வயதில் சலங்கையும் கையுமாக உங்கள் வாசற்படி ஏறிய பிறகு கற்றுக்கொண்ட சொல் அது. என் அரங்கேற்றத்துக்கு அப்பா பி.எஃப். கணக்கிலிருந்து கடன் எடுத்தார். அதில் ஒரு பங்கு உங்களில் ஒருவருடைய அரங்கத்துக்கு வாடகையாக வந்தது. ஆகவே நான் வெளியாள் இல்லை என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

பரதமும் மேற்கத்திய நவீன நடனமும் கற்று, இரண்டையும் வைத்து ஆடும் எங்களுக்குச் சீசனில் ஒரு மாலை கேட்கத்தான் இந்த மடல். மார்கழி சீசனுக்கான விண்ணப்பங்களை நீங்கள் பிரித்துப் பார்ப்பதற்குள் இது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சபா (பெயர் வேண்டாம், அவர்களும் நல்ல மனதோடுதான் கூப்பிட்டார்கள்) எனக்கும் என்னோடு ஆடும் இருவருக்கும் டிசம்பரில் ஒரு நாள் இடம் கொடுத்தது. மத்தியானம் இரண்டரை மணி. போய்ப் பார்த்தால் காலைக் கச்சேரிக்கு விரித்த சிவப்புக் கார்ப்பெட் மேடையில் அப்படியே கிடந்தது. ஓரமெல்லாம் ஆணி. எடுத்துவிடலாமா என்று கேட்டோம். "சாயந்திரம் மறுபடி கச்சேரி இருக்கும்மா, திரும்ப யார் அடிக்கிறது?" என்றார் மேடைக்காரர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஆட்டத்தில் பதினோரு இடத்தில் தரையில் விழுந்து உருள வேண்டும். அன்றைக்குப் பதினோரு முறையும் கார்ப்பெட்டில் உருண்டோம். முழங்கையிலும் முட்டியிலும் தோல் போனது.

அதுகூடப் பரவாயில்லை. இருபதாவது நிமிடத்தில் இசை நின்று, மூவரும் அசையாமல் நிற்கும் ஒரு கட்டம் உண்டு. நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்து ஒரு பெரியவர் பொன்னாடையோடு மேடையேறிவிட்டார். நாங்கள் அசையவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பார்த்தவர்களில் பலர் அதையும் நடனத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேன்டீனில் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், அன்றைய நிகழ்ச்சியில் அதுதான் நன்றாக அமைந்த இடம்.

அந்தப் பொன்னாடைக்காரர் மேல் எனக்குத் துளியும் கோபம் கிடையாது. இப்படி ஒரு நடனத்தைப் பார்க்க அவருக்கு அதுவரை யாரும் சந்தர்ப்பமே கொடுக்கவில்லை. அதற்கு எங்களைப் போலவே நீங்களும் பொறுப்பு.

உங்கள் விண்ணப்பப் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். குரு, பாணி, அரங்கேற்ற ஆண்டு. குருவும் அரங்கேற்ற ஆண்டும் எழுதிவிடுவேன். பாணி என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிடும். ஒரு தடவை காலியாக விட்டுக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்தவர் தானே 'ஃப்யூஷன்' என்று எழுதிக்கொண்டார். அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். கல்லூரிக் கல்ச்சுரல்ஸிலும் டிவி போட்டிகளிலும் அந்தப் பெயரில் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரை நிமிடம் பரதத்தின் தட்டடவு, அரை நிமிடம் ஹிப்ஹாப், கடைசியில் ஒருவரை ஒருவர் தலைக்கு மேல் தூக்கி ஒரு போஸ். இதையெல்லாம் சபாவில் ஏற்ற முடியாது என்று நீங்கள் சொன்னால் உங்கள் பக்கம் முதலில் நிற்பவள் நான்தான். இரண்டு பாத்திரத்தை ஒரே அடுப்பில் அடுத்தடுத்து வைத்துவிட்டு இறக்குவது சமையல் ஆகாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பதினான்கு வருடம் பரதம் கற்றேன். விழாமல் இருக்கத்தான் அத்தனை வருடமும் கற்றேன் என்று சொல்லலாம். அரைமண்டியில், அதாவது முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில், முதுகு நேராக இருக்க வேண்டும், இடுப்பு ஆடக்கூடாது, எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் தலை மேலும் கீழும் போகக்கூடாது. இருபத்து நான்கு வயதில் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்த வகுப்பில் முதல் நாளே விழச் சொன்னார்கள். எலும்பு அடிபடாமல், சதைப்பற்றான இடமாகப் பார்த்து, மூச்சை விட்டுக்கொண்டே தரைக்குப் போவது. அமெரிக்காவில் டோரிஸ் ஹம்ஃப்ரி விழுவதற்கும் எழுவதற்கும் நடுவில் இருப்பதையே நடனமாக வைத்துக்கொண்டார். மார்த்தா கிரஹாம் அடிவயிறு சுருங்கி விரிவதிலிருந்து ஆட்டத்தை எடுத்தார். இதெல்லாம் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு மாதம் விழுந்து எழுந்த பிறகு ஒரு நாள் சும்மா அரைமண்டியில் உட்கார்ந்தேன். என் எடை இடுப்பு வழியாக எங்கே இறங்குகிறது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தெரிந்தது. என் வாத்தியார் பதினான்கு வருடம் "உட்காரு, இன்னும் உட்காரு" என்று கத்தியது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

பாலேயிலும் முட்டியை வெளிப்பக்கம் திருப்பி மடக்குவது உண்டு, பிளியே என்பார்கள். பார்க்க அரைமண்டி மாதிரியே இருக்கும். ஆனால் அவர்கள் அதிலிருந்து எழும்பிக் குதிக்க வேண்டியிருக்கும், அதனால் அதில் அதிக நேரம் இருப்பதில்லை. நாம் அங்கேயே குடியிருக்கிறோம். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஆட முடியும். நாங்கள் செய்வது ஏறக்குறைய இதுதான்.

சரி, கலப்பு என்பது புதுப் பழக்கமா? சங்கராபரணத்தில் 'சக்தி ஸஹித கணபதிம்' பாடாத குழந்தை உங்கள் மேடையில் உண்டா? முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு எழுதிய நோட்டு ஸ்வர சாகித்தியங்களில் ஒன்று அது. அதே வரிசையில் உள்ள 'ஸந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. அவருடைய தம்பி பாலுசுவாமி கற்றுக்கொண்டு வந்த வயலின் இல்லாமல் இன்றைக்கு உங்களால் ஒரு கச்சேரி நடத்த முடியாது. அலாரிப்பிலிருந்து தில்லானா வரை நீங்கள் மார்க்கம் என்று சொல்லும் வரிசையை ஒழுங்கு செய்த தஞ்சை நால்வரும் அதே காலத்தவர்கள்தான். அவர்களுடைய தஞ்சாவூர் அரண்மனையில் ஐரோப்பிய வாத்தியங்களும் ஒலித்தன. பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிரில் கிளாரினெட் வாசித்தார்கள். வாத்தியக்காரர்கள் ஆடுபவருக்குப் பின்னாலேயே நின்று, அவரோடு நகர்ந்தார்கள். அவர்களை மேடையின் பக்கவாட்டில் உட்கார வைத்ததே இருபதாம் நூற்றாண்டில்தான்.

அப்படி உட்கார வைத்த ருக்மிணி தேவி முதலில் கற்றது பாலே. ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம். உன் நாட்டுக் கலையைப் போய்த் தேடு என்று அவருக்குச் சொன்னதே பாவ்லோவாதான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதன் பிறகுதான் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம், 1935-ல் அடையாறில் முதல் நிகழ்ச்சி, 1936-ல் கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளி எல்லாம். கலாக்ஷேத்ரா உடம்பில் தெரியும் அந்த நீளக் கோடு எங்கிருந்து வந்தது என்று பேச ஆரம்பித்தால் ராத்திரி முழுக்கப் பேசலாம்.

பாவ்லோவா நம் பக்கத்தில் இன்னொருவரையும் தொட்டார். லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த உதய் சங்கரை 1923-ல் மேடைக்கு இழுத்தவர் அவர்தான். உதய் சங்கர் பிறகு அல்மோராவில் ஒரு கலை மையம் நடத்தினார். பரதக் கலைஞர் பாலசரஸ்வதியின் வாத்தியார் கந்தப்பா பிள்ளை அங்கே போய்க் கற்பித்தார். உதய் சங்கர் தன் நடனப் படத்தை எடுத்தது நம் ஊர் ஜெமினி ஸ்டுடியோவில், வெளியானது 1948-ல். அதே வருடம் அதே ஸ்டுடியோவிலிருந்து முரசு மேல் ஆடும் அந்தப் பிரம்மாண்டமான நடனமும் வந்தது. அதில் எத்தனை ஊர் ஆட்டம் கலந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே என் பாட்டி நாலு தடவை பார்த்தாராம். அவருக்கு யாரும் ஃப்யூஷன் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

போக்குவரத்து எதிர்த்திசையிலும் இருந்தது. 1838-ல் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஒரு தேவதாசிக் குழு பாரிசுக்கும் லண்டனுக்கும் போய் ஆடியது. அதில் அம்மணி என்ற பெண்ணைப் பார்த்துக் கவிஞர் தெயோஃபில் கோத்தியே கிறங்கிப்போய் எழுதினார். ஒரு சிற்பி அவளை வெண்கலத்தில் வடித்தார். ஐரோப்பா தன் கற்பனையில் செய்துகொண்ட அந்தக் கோயில் நடனக்காரி 1877-ல் பீட்டர்ஸ்பர்க்கில் மரியுஸ் பெத்திபாவின் 'லா பயதேர்' பாலேயில் மறுபடி வந்தாள். சென்னையில் பிறந்து லண்டனில் 1988-ல் சொந்தக் குழு தொடங்கிய ஷோபனா ஜெயசிங் அந்த இரண்டையும் எடுத்து 2015-ல் ஒரு நடனம் செய்தார். திருவந்திபுரத்துப் பெண்ணின் கதை லண்டன் மேடைக்குத் திரும்பி வந்துவிட்டது. கடலூரிலிருந்து மயிலாப்பூர் நான்கு மணி நேரம்தான்.

உங்களுக்கே உரிய ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

1931-ல் மியூசிக் அகாடமி, கல்யாணி அம்மாளின் இரண்டு பெண்களைச் சதிர் ஆட மேடையேற்றியது. அந்தக் காலத்தில் கௌரவமான குடும்பத்தினர் அதைப் பார்க்கப் போவதையே வெளியில் சொல்லமாட்டார்கள். முதல் நிகழ்ச்சிக்கு வந்த கூட்டம் சொற்பம். 1933-ல் அதே பெண்கள் மறுபடி ஆடியபோது அரங்கம் நிறைந்தது. நடுவில் என்ன நடந்தது? தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி எதிர்த்து எழுத, இ. கிருஷ்ண ஐயர் பதில் எழுத, பத்திரிகைகளில் பெரிய சண்டை நடந்தது. கிருஷ்ண ஐயர் வக்கீல், சேலை கட்டிச் சலங்கையோடு தானே மேடையில் ஆடிக் காட்டியவர், அகாடமியின் செயலாளர்களில் ஒருவர். அதாவது உங்கள் நாற்காலிக்காரர். அந்த மனிதர் படிவத்தில் பாணி பார்த்துக்கொண்டிருந்தால் இன்றைக்கு உங்களுக்கு டிசம்பரும் கிடையாது, எனக்கு அரங்கேற்றமும் கிடையாது.

(அந்தக் கதையின் மறுபாதியும் எனக்குத் தெரியும். மேடை கிடைத்தது நடனத்துக்குத்தான். பரம்பரையாக ஆடிய வீட்டுப் பெண்கள் சில வருடங்களுக்குள்ளேயே அதிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். எழுத வேண்டியவள் நான் இல்லை.)

அடுத்த கதை பெசன்ட் நகர் கடற்கரையில். சந்திரலேகா காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றவர். நன்றாக ஆடிப் பெயர் வாங்கிவிட்டு, போதும் என்று நிறுத்திவிட்டார். 1984-ல் மும்பையில் கிழக்கு மேற்கு நடனக்காரர்களை ஒன்றாகக் கூட்டிய சந்திப்புதான் அவரைத் திரும்ப அழைத்து வந்தது. 1985-ல் 'அங்கிகா'. கேரளத்துத் தற்காப்புக் கலையான களரி கற்றவர்களும் பரதம் கற்ற பெண்களும் ஒரே மேடையில். கடவுள் கதை இல்லை, நாயகனுக்குக் காத்திருக்கும் நாயகி இல்லை, நகை இல்லை. மேற்கிலிருந்து ஓர் அசைவைக்கூட அவர் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. எடுத்தது ஒரு துணிச்சல் என்று வேண்டுமானால் சொல்லலாம். எழுபது வயதைத் தாண்டி 2001-ல் செய்த 'சரீரா'வில் ஒரு பெண், ஓர் ஆண், குந்தேச்சா சகோதரர்களின் துருபத் என்ற வடநாட்டுப் பாட்டு, அவ்வளவுதான். ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதில் ஒரு கால் தரையிலிருந்து மேலே போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் ஒரு ஜதிஸ்வரத்தையே முடித்துவிடலாம். நான் அதைப் பார்த்தபோது மூச்சு விட மறந்து, பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவருடைய குழுவில் பத்து வருடம் ஆடிய பத்மினி செட்டூர், பந்தநல்லூர் சுப்பராய பிள்ளையிடம் கற்றவர், தன் வழியில் இன்னும் தள்ளிப் போய்விட்டார். எல்லாம் இதே ஊரில், அரை மணி நேரப் பஸ் தூரத்தில் நடந்தது. உங்கள் டிசம்பர் பட்டியலில் இவர்களைத் தேடினால் கண் வலிக்கும்.

எழும்பூர் மியூசியம் தியேட்டரில் 1998-லிருந்து சில வருடங்கள் சீசனுக்கு முன்னால் தனியாக ஒரு விழாவே நடந்தது, அதர் ஃபெஸ்டிவல் என்று. பெயரைப் பாருங்கள், 'மற்றது'. அதுவும் நின்றுவிட்டது. அப்புறம் எங்களைப் போன்றவர்கள் போய் நிற்பது ஜெர்மன்காரர்கள் நடத்தும் இடத்திலும் பிரெஞ்சுக்காரர்கள் நடத்தும் இடத்திலும்தான். இடம் கொடுக்கிறார்கள், நன்றி. ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீங்கள் இடம் தரவில்லை என்பதால் நாங்கள் அங்கே போகிறோம். அங்கே ஆடுவதால் இது வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்கிறீர்கள். வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்பதால் நீங்கள் இடம் தருவதில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். விருது வேண்டாம், பிரைம் ஸ்லாட் வேண்டாம், இந்த நடனம் உங்களுக்குப் பிடித்தாக வேண்டும் என்றும் கேட்கவில்லை. சீசனில் ஒரே ஒரு மாலை. அதற்கு முந்தைய நாளோ அன்று காலையோ மூன்று மணி நேரம் மேடை காலியாக வேண்டும். பரதத்துக்கு முகம் தெரிய வேண்டும், அதனால் உங்கள் விளக்குகள் எல்லாம் முன்னாலிருந்து அடிக்கின்றன. அது சரிதான். முதுகாலும் விலாவாலும் பேசும் ஆட்டத்துக்கு முன்வெளிச்சம் அடித்தால் உடம்பு தட்டையாகிவிடும், அட்டைப் பொம்மை மாதிரி. பக்கத் திரைகளுக்கு இடையில், முழங்கால் உயரத்திலிருந்து ஆரம்பித்து, இரண்டு பக்கமும் விளக்கு நிறுத்த வேண்டும். ஸ்டாண்டும் விளக்கும் நாங்களே கொண்டுவருவோம். நிறுத்தி, அளந்து, குறித்துக்கொள்ளத்தான் அந்த மூன்று மணி நேரம். பின்திரையில் இருக்கும் வங்கி விளம்பரத்தை அந்த ஒரு மாலைக்கு வாசலில் மாட்டுங்கள். இன்னும் நிறையப் பேர் பார்ப்பார்கள்.

பிறகு தரை. அதுதான் முக்கியம். மரத் தரையாக இருந்தால், அடியில் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பலகை போட்டதாக இருந்தால், பாதிக் கவலை தீர்ந்தது. சிமென்ட் மேல் நேராக ஒட்டிய பலகை எங்களுக்கு மட்டும் கெடுதல் இல்லை. தட்டடவு தட்டித் தட்டி முன்னங்கால் எலும்பில் வலியோடு திரியும் உங்கள் பரதநாட்டியப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். நடனத்துக்கென்றே வழுக்காத வினைல் விரிப்பு ரோலாக வருகிறது. விரித்து டேப் ஒட்டினால் போதும், முடிந்ததும் சுருட்டிவிடலாம், ஆணி வேண்டாம். சபாக்கள் நாலைந்து சேர்ந்து ஒன்று வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தலாமே. உங்களுக்குள் அந்த அளவுக்குப் பேச்சுவார்த்தை உண்டா என்பது எனக்குத் தெரியாது.

கூட்டம் வராது, ஸ்பான்சர் முகம் சுளிப்பார் என்று சொல்வீர்கள். மத்தியான ஸ்லாட்டில் ஆடும் சின்னப் பெண்களுக்கு இப்போது மட்டும் கூட்டம் வருகிறதா? அவளுடைய அம்மா, சித்தி, மிருதங்கக்காரரின் நண்பர், மழைக்கு ஒதுங்கியவர் இரண்டு பேர். எங்களுக்கும் அதே அளவு வரும். மழை பெய்தால் இன்னும் இருவர்.

அந்தக் கார்ப்பெட் நாளில் வந்தவர்களில் ஒரு மாமி இருந்தார். சீசன் முழுக்கக் கையில் நோட்டோடு சுற்றுபவர், ராகம் தாளம் எல்லாம் குறித்துக்கொள்வார். மூன்றாவது வரிசை. முடிந்ததும் பச்சை அறைக்கு வந்து, என் முழங்கையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு பேண்ட் எய்டு எடுத்துக் கொடுத்தார். "கதை ஒண்ணும் புரியலைம்மா," என்றார். "என்ன தாளம்னும் பிடிபடலை. ஆனா நீ விழறச்சே எல்லாம் என் முட்டி வலிச்சுது. அது ஏன்னு சொல்லு." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். தேதியும் இடமும் மட்டும் எழுதி, மிச்சத்தைக் காலியாக விட்டிருந்தார். அடுத்த தடவை வந்து எழுதுகிறேன் என்றார்.

அவருக்கு இன்னும் தேதி சொல்லவில்லை. படிவத்தை இந்த வருடமும் நிரப்பி அனுப்புகிறேன், பாணி என்ற இடம் காலியாகவே இருக்கும். தயவுசெய்து அதில் எதையும் எழுதிவிடாதீர்கள். கார்ப்பெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆணி பிடுங்கவும் மாலையில் திரும்ப அடிக்கவும் எங்களில் மூன்று பேர் இருக்கிறோம், சுத்தியலும் எங்களுடையது. மேடைக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
வில்லிவாக்கத்திலிருந்து ஒரு நடனக்காரி